கிசுமுவில் ஓர் இரவு போதாது

தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், உங்கள் டீச்சர் எழுதிக்கொள்வது.

இந்த மடலை நம் வாட்ஸ்ஆப் குழுவிலேயே போட்டிருக்கலாம். போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவுக்கும் மூட்டுவலிக்கான முடக்கத்தான் வைத்தியத்துக்கும் நடுவில் அது புதைந்துவிடும். இரண்டு பேர் படிக்காமலே கும்பிடு போடுவீர்கள். அதனால் ஊரறிய எழுதுகிறேன். அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் திருநகரிலும் நம்மைப் போல ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் கூடிக் கூடி வெளிநாட்டுப் பயணம் பேசுகிறார்கள். அவர்களுக்கும் இது ஆகும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்து குளத்துச் சுவரோரம் உட்கார்ந்தபோது, வங்கி அண்ணன் கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத் திட்டத்தை ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தார். பதினொரு நாள். அதில் ஆறு நாள் ஜீப்பில் உட்கார்ந்து விலங்குகள் பார்ப்பது. ஏழாம் நாளுக்கு எதிரே ஒரே ஒரு வரி: ‘கிசுமு. விக்டோரியா ஏரிக்கரையில் இரவுத் தங்கல். மறுநாள் அதிகாலை புறப்பாடு.’ நான் அந்த வரியில் விரலை வைத்து, “இங்கே மூணு நாள் இருக்கலாமே” என்றேன். உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: “அங்க என்ன டீச்சர் இருக்கு? தண்ணிதானே?”

எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. ‘தண்ணிதானே’ என்று வேறு எந்த ஊர்க்காரர் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம், மதுரைக்காரர் சொல்லலாமா? வைகையில் தண்ணீர் வந்தால் வேலையை விட்டுவிட்டுப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் இது. பெரியாறு அணை எத்தனை அடி, வைகை அணை எத்தனை அடி என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் மற்ற செய்திக்குப் போவோம். நாம் சுற்றி நடக்கிற இந்தத் தெப்பக்குளமே பல வருடம் காய்ந்து கிடந்தது. உள்ளே பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடியதைப் பார்த்தவர்கள் நாம். இப்போது தண்ணீர் நிற்கிறது என்பதற்காகத்தானே வண்டி பிடித்து வந்து இங்கே நடக்கிறோம்? தண்ணீர் நிற்கிற இடத்தை மனிதன் தேடிப் போவது எதற்கு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முப்பத்தொரு வருடம் நான் புவியியல் நடத்தினேன். வருடா வருடம் கரும்பலகையில் ஆப்பிரிக்காவை வரைந்து, நடுவே கொஞ்சம் கிழக்கே தள்ளி, நீலச் சாக்பீஸை அகலவாக்கில் தேய்த்து ஒரு திட்டு போடுவேன். “இது விக்டோரியா ஏரி. பரப்பளவில் உலகின் இரண்டாவது பெரிய நன்னீர் ஏரி. மூன்று மதிப்பெண்.” அவ்வளவுதான். சுமார் 68,800 சதுர கிலோமீட்டர் என்று எழுதிப்போட்டேனே தவிர, நம் தமிழ்நாட்டில் பாதிக்கும் மேலே அப்படியே தண்ணீராக நினைத்துப் பாருங்கள் என்று ஒரு பிள்ளைக்கும் சொல்லவில்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகிற வழியில் பாதிக்கும் மேலே தண்ணீர் என்று சொல்லியிருந்தால் ஒன்றிரண்டு பிள்ளைகளாவது வாயைப் பிளந்திருக்கும். நானே பார்த்ததில்லை, பிறகு எப்படிச் சொல்வேன்? இந்த வயதில் அந்த நீலத் திட்டின் கரையில் போய் நிற்க எனக்கு ஒரு வாய்ப்பு வருகிறது. அதை இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்து, விடியற்காலை ஐந்து மணிக்குப் பெட்டியைத் தூக்குகிற பயணமாக ஆக்கிவிடாதீர்கள்.

என் ஆசைக்காக மட்டும் கேட்கவில்லை. கிசுமுவைப் பார்க்க மதுரைக்காரர்களுக்கு என்று தனியாகச் சில காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் அந்த ஊர் உண்டான கதை. 1895 அக்டோபரில் பெரியாறு அணை திறந்தார்கள். மேற்கே போய்க்கொண்டிருந்த ஆறு மலையைக் குடைந்து நம் பக்கம் வந்தது. அதற்கு அடுத்த வருடம், 1896இல், கடலுக்கு அந்தப் பக்கம் மொம்பாசாவிலிருந்து ஏரியை நோக்கி ஆங்கிலேயர்கள் ரயில்பாதை போட ஆரம்பித்தார்கள். பாதை 1901 டிசம்பரில் ஏரிக்கரையைத் தொட்டது. தொட்ட இடத்துக்குப் போர்ட் ஃபுளோரன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். தண்டவாளம் பதித்த பொறியாளர் ஒருவரின் மனைவி பெயர் அது. அந்த இடம்தான் இன்றைய கிசுமு, கென்யாவின் பெரிய நகரங்களில் ஒன்று. சரக்குக்குச் சரக்கு மாற்றிக்கொள்கிற இடம் என்ற பொருளுள்ள பழைய லுவோ மொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். நம் ஊர் வாரச்சந்தை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ 930 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையைப் போட்டது யார்? இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறிய சுமார் 32,000 பேர். பெரும்பாலோர் பஞ்சாப் பக்கத்து ஆட்கள். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே செத்தார்கள். கணக்குப் போட்டால் மைலுக்கு நாலு பேர். காய்ச்சலிலும் விபத்திலும் போனார்கள், சாவோ என்ற இடத்தில் சிலர் சிங்கத்தின் வாயிலும் போனார்கள். நம் திட்டத்தில் அந்தச் சிங்கத்தின் பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆறு நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள். பாதை போட்டுச் செத்தவர்களின் ஊருக்கு ஓர் இரவு.

அந்தப் பாதையும் மீட்டர்கேஜ்தான். ரயில்வே அண்ணன் இதைப் படிக்கும்போது நிமிர்ந்து உட்காருவார் என்று தெரியும். மதுரை–போடி மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தியபோது கண் கலங்கியவர் அவர். அதே ஒரு மீட்டர் அகலம். இந்தியாவிலிருந்தே ஆளும் தளவாடமும் போனதால் அளவும் நம்முடையதாகவே போனது. ரூபாயும் கூடவே போயிருக்கிறது. 1920 வரைக்கும் அங்கே புழங்கிய நாணயம் நம் ரூபாய்தான்.

பேச்சிலும் நம் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவாஹிலியில் பணத்துக்கு ‘பெசா’ என்று பெயர். நம் பைசாவேதான். 2007இல் கைப்பேசியில் பணம் அனுப்புகிற எம்-பெசாவைக் கென்யாக்காரர்கள் தொடங்கியபோது, நாம் பாங்கில் சலான் எழுதி வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். கடைக்கு ‘துக்கா’, வண்டிக்கு ‘காரி’, காப்பீட்டுக்கு ‘பீமா’, லட்சத்துக்கு ‘லக்கி’, சப்பாத்திக்குச் சப்பாத்தி. எல்.ஐ.சி.யில் இருந்த அக்கா அங்கே போய் ‘பீமா’ என்று எழுதிய பலகையைப் பார்த்தால் நிச்சயம் உள்ளே போய் நலம் விசாரிப்பார். சாலையில் ஓடுகிற ஆட்டோவை ‘டுக்டுக்’ என்கிறார்கள். 1911இல் இதே மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். பெயரைத் தாங்கிய பைக்குகளைக் கிழக்கு ஆப்பிரிக்கச் சாலைகளில் பார்க்கலாம்.

அடுத்த காரணம் கொஞ்சம் கசப்பானது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலை எழுதியே பிரயோஜனம் இல்லை.

போன மாதம் ஒரு நாள் தெப்பக்குளத்தை விட்டுவிட்டு வண்டியூர்க் கண்மாய்க்கரைக்குப் போனேன். தண்ணீர் மேல் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி ஆகாயத்தாமரை. நடுவே ஊதாப் பூ. அதன் மேல் ஒரு கொக்கு தரையில் நடக்கிற மாதிரி நடந்து போகிறது. கரையோரம் ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். ஒன்று வரவில்லை, கோத்த மாலை மாதிரி ஏழெட்டுச் செடிகள் சேர்ந்து வந்தன. அடியில் கறுப்பு வேர், ஆட்டுத்தாடி கணக்காகத் தொங்குகிறது. சாக்கடை நாற்றம். சின்ன வயதில் அந்தக் காம்பின் உப்பிய பகுதியை அமுக்கி ‘பட்’டென்று வெடிக்க வைப்போமே, அதையும் செய்து பார்த்தேன். உள்ளே பஞ்சும் காற்றும்தான். அந்தக் காற்றுதான் அதை மிதக்க வைக்கிறது.

இதே செடி, இலை மாறாமல் பூ மாறாமல், கிசுமுவின் கரையையும் மூடுகிறது. தென் அமெரிக்கச் செடி. பூ அழகாக இருக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து நாடெல்லாம் பரவியது. விக்டோரியா ஏரியில் 1980களின் இறுதியில் கண்ணில் பட்டது. பத்தே வருடத்தில் கிசுமு இருக்கும் வினாம் வளைகுடாவில் படகு நகர முடியவில்லை, மீனவர் வலை விரிக்க இடமில்லை. இந்தச் செடியை மட்டும் தின்கிற கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை தின்றதும், அந்த நேரத்து மழையும் காற்றும் சேர்ந்து செடி அடங்கியது. பிறகு திரும்பவும் வந்தது, இன்றைக்கும் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஏன் திரும்ப வருகிறது? நமக்கும் அதே பதில்தான். ஊர்க் கழிவும் வயல் உரமும் தண்ணீரில் கலக்கிறவரை அந்தச் செடிக்குத் தினமும் விருந்துதான். பொக்லைன் வைத்து வாரிக் கொட்டிவிட்டுச் சாக்கடையைத் திறந்துவிட்டால், வாரியதற்குப் பில் போடலாம், கண்மாயைக் காப்பாற்ற முடியாது.

மீனில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. நம் கண்மாயில் பிடித்து வந்து தெருவில் கூவி விற்கிற ஜிலேபிக் கெண்டை நம்முடையதா? திலாப்பியா என்ற பெயர்தான் வாயில் நழுவி ஜிலேபி ஆனது. ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்து மீன். 1952இல் மண்டபம் என்ற ஊருக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து குளம் குளமாகப் பரவி நாட்டுக் கெண்டையையும் விராலையும் ஓரங்கட்டியது. கிசுமுவில் முழுசாகப் பொரித்துத் தட்டில் வைக்கிற திலாப்பியாவும் பெரும்பாலும் அந்த ஏரியில் பிறந்த இனம் இல்லை. நைல் திலாப்பியாவை 1950களில் கொண்டுவந்து விட்டார்கள். அதே காலத்தில் விட்ட நைல் பெர்ச் என்ற பெரிய மீன், ஏரிக்கே உரிய நூற்றுக்கணக்கான சின்ன மீன் இனங்களை அரிதாக்கிவிட்டது, அல்லது அடியோடு அழித்துவிட்டது. ஏற்றுமதியில் பணம் கொட்டியது. கரையில் இருந்த சின்ன மீனவனின் வலைக்குப் பழைய மீன் வரவில்லை.

தண்ணீர் பெருகினால் படுகிற பாடும் ஒன்றுதான். 2020 மே மாதத்தில் அந்த ஏரி 1964இல் கண்ட உச்சத்தை மறுபடி தொட்டது. கரையோரத்துக் கிராமங்கள் வீட்டை விட்டு மேட்டுக்குப் போயின. நமக்கு 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். அன்றைக்கு நாம் மழையைத் திட்டினோம். தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சி அலுவலகம் நிற்கிறது, உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் உயர் நீதிமன்றக் கிளை நிற்கிறது. தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடி வந்தால் குற்றம் யாருடையது?

அதனால்தான் சொல்கிறேன், கிசுமுக்காரரும் நாமும் ஒரே நோயாளி வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர்கள். அவர்களிடம் போய்ப் பேச மூன்று நாள் கேட்கிறேன். கட்டிலைக் கடந்து போய்ச் சிங்கம் மட்டும் பார்த்துவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது ஒரு மனவருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணப் பேச்சு தொடங்கியதிலிருந்து நம் குழுவில் வருகிற நகைச்சுவைகளைப் பார்க்கிறேன். ‘இருட்டுல எப்படிக் கண்டுபிடிப்பீங்க’ என்ற ரகம். முகம் கறுத்துப் போய்த் திரும்புவோம் என்ற ரகம். நிறத்தைச் சொல்லிச் சிரிக்கிற சினிமாக் காட்சிகளின் துண்டுகள். அனுப்புகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் ராத்திரியில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மனிதர்கள். ஆனாலும் கேட்கிறேன்: நம் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்து ‘நிறம் கொஞ்சம் கம்மி’ என்று சொல்லிவிட்டுப் போனவர்களை நாம் மன்னித்தோமா? கரிய அழகரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கண்ணீர் விடுகிற ஊரில் இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? அங்கே போய் ஒரு ஹோட்டல் பையனின் முகத்துக்கு நேரே தமிழில் எதையாவது சொல்லிவிட்டு, அவனுக்குப் புரியாது என்று சிரிக்காதீர்கள். சிரிப்பின் மொழி எல்லோருக்கும் புரியும்.

‘சஃபாரி’ என்ற சொல்லையும் திருத்திக்கொள்வோம். சுவாஹிலியில் அதற்குப் பயணம் என்றுதான் பொருள். பேரன் வீட்டுக்குப் போவதும் சஃபாரிதான், காசிக்குப் போவதும் சஃபாரிதான். விலங்கு பார்ப்பது என்று அதைச் சுருக்கியது துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள். அவர்கள் கண்ணை நாம் இரவல் வாங்க வேண்டாம்.

உங்கள் தயக்கங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

‘மூணு நாள் என்ன பண்றது?’ முதல் நாள் காலை துங்கா என்ற மீனவர் கரை. அங்கே பாப்பிரஸ் என்ற உயரமான கோரை தண்ணீரில் காடாக நிற்கிறது. நம் பத்தமடைப் பாய்க்கோரையின் குடும்பம்தான், ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். அந்தக் கோரையை நம்பியே வாழ்கிற பறவைகள் உண்டு. உள்ளூர் ஆட்களே வழிகாட்டிகளாகப் படகில் கூட்டிப் போகிறார்கள். நீர்யானை தலை தூக்கினால் விலங்குக் கணக்கும் அங்கேயே தீர்ந்தது. இரண்டாம் நாள் மேற்கே கிட் மிகாயி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி நிற்கிற பெரும்பாறைகள். முதல் மனைவியின் கல் என்று அதற்குப் பொருள், அதற்கு ஒரு கதையும் உண்டு. யானைமலையையும் கீழவளவையும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பாறை உறவுக்காரர் போலத் தெரியும். பாறையை இன்னும் வெட்டி விற்கவில்லை என்பதையும் கவனிப்பீர்கள். அப்படியே வடக்கே மாசெனோ போனால் நிலநடுக்கோடு சாலையைக் கடக்கிற இடம். ஒரு கால் வடகோளத்தில், ஒரு கால் தென்கோளத்தில். புவியியல் டீச்சருக்கு இதைவிடப் பெரிய கோயில் கிடையாது. மூன்றாம் நாள் ஒன்றும் செய்ய வேண்டாம். சந்தையில் நடப்போம், ஏரியில் சூரியன் இறங்குவதைப் பார்ப்போம், இரவில் சின்ன மீன் பிடிக்கப் போகிற படகுகளின் விளக்குகள் தூரத்தில் மினுங்குவதைப் பார்ப்போம். நம் தெப்பத்தன்று மைய மண்டபத்து விளக்கு தண்ணீரில் ஆடுமே, அதை நினைத்துக்கொள்ளலாம்.

‘சாப்பாடு?’ சைவ அக்காமார்கள் பயப்பட வேண்டாம். குஜராத்திகளும் சீக்கியர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற ஊர் அது. சப்பாத்தியும் அவரைக் குழம்பும் சாதாரணமாகக் கிடைக்கும். ‘உகாலி’ என்பது மக்காச்சோள மாவுக் களி. களி கிண்டத் தெரிந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு அது அந்நியம் இல்லை. அதோடு ‘சுகுமா’ என்ற கீரைப் பொரியல்.

‘வெயில்?’ கிசுமு கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,130 மீட்டர். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலும் நம் சித்திரை வெயில் அங்கே அடிக்காது. மாலையில் ஏரி மேல் இடி மின்னல் கூடும், படகுப் பயணத்தைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

‘எப்போது போவது?’ மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழை, நமக்குச் சித்திரைத் திருவிழா. இரண்டையும் பார்த்தால் அந்த மாதங்கள் ஆகாது. ஜனவரி, பிப்ரவரி அங்கே நல்ல காலம், ஆனால் தைத்தெப்பத்தை விட்டுவிட்டு உங்களில் யார் வருவீர்கள்? ஜூலை, ஆகஸ்ட்தான் தோது. விலங்குக் கட்சிக்கும் அதுவே நல்ல பருவம்.

உடம்பு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன், வகுப்பறைப் பிரம்பு கையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கென்யா, உகாண்டா போய்விட்டு இந்தியா திரும்புகிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்து இறங்கிய இடத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் அதுவே போதும். மத்திய அரசு அனுமதித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். கடைசி வாரத்தில் ஓடலாம் என்று இருக்காதீர்கள். அதைவிட முக்கியம், அறுபது வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசி அரிதாகவே என்றாலும் கடுமையான பக்கவிளைவு தரக்கூடும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நம்மில் அறுபதுக்குக் கீழே மூன்று பேர்தான். அதனால் டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் சொந்த மருத்துவரிடம் போய், இன்ன நாடு போகிறேன், இன்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லி, போகலாமா என்று கேட்டு வர வேண்டும். ஏரிக்கரை மலேரியா உள்ள பகுதி, தடுப்பு மாத்திரையையும் மருத்துவரே எழுதித் தரட்டும். இன்னொன்று, ஏரியைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலை நனைக்க இறங்கிவிடாதீர்கள். நத்தை வழியாகப் பரவுகிற ஒரு புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். பில்ஹார்சியா என்று பெயர்.

அனுமதிச் சீட்டு பெரிய தலைவலி இல்லை. கென்யா 2024 ஜனவரியிலிருந்து விசாவை எடுத்துவிட்டு, இணையத்தில் முன் அனுமதி வாங்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. பிளாஸ்டிக் கேரிபேக்கை 2017இலேயே தடை செய்துவிட்டார்கள், அபராதம் கடுமையாக இருக்கும். முறுக்கையும் சீடையையும் மஞ்சப்பையில் கட்டிக்கொண்டு வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே எனக்கு ஒரு பேராசை. உகாண்டாவும் சேர்ந்த சுற்றுலா விசா ஒன்று இருக்கிறது, கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் நூறு டாலர். அதை எடுத்தால் கிசுமுவிலிருந்து ஒரு பகல் சாலைப் பயணத்தில் ஜிஞ்சா போய்விடலாம். அந்தப் பெரிய ஏரிக்கு வெளியேறும் வழி ஒன்றே ஒன்றுதான், அது ஜிஞ்சாவில் இருக்கிறது. கண்மாய்க்குக் கலுங்கு மாதிரி. அங்கே வெளியேறுகிற தண்ணீர்தான் நைல். 1948இல் காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதியை அந்த நீரில் கரைத்தார்கள். அவருக்கு அங்கே சிலையும் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையைத் துறந்தது நம் மேலமாசி வீதியில். ரத்தம் படிந்த அவர் வேட்டி இருப்பது நம் காந்தி மியூசியத்தில். நாம் தினமும் அதைத் தாண்டிப் போகிறோம். மேலமாசி வீதியில் தொடங்கிய கதையின் ஒரு முனையை ஜிஞ்சாவில் பார்த்துவிட்டு வருவது மதுரைக்காரர்களுக்குத் தகுமா, தகாதா?

கோரிக்கைக்கு வருகிறேன். திட்டத்தில் உள்ள ஆறு விலங்கு நாட்களில் இரண்டை வெட்டுங்கள். அவற்றைக் கிசுமுவுக்குக் கொடுங்கள். மிச்சம் நாலு நாளில் சிங்கம் வரவில்லை என்றால், சிங்கத்துக்கு வேறு வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துங்காவில் படகுக்கும் வழிகாட்டிக்கும் கொடுக்கிற பணம் அந்தக் கரை ஆட்கள் கையிலேயே போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். குழுவில் அந்த மாதிரி நகைச்சுவைகளை இன்றோடு நிறுத்துங்கள். ஆளுக்குப் பத்துச் சுவாஹிலிச் சொல் கற்றுக்கொள்ளுங்கள், நான் சொல்லித் தருகிறேன், கட்டணம் ஒரு டம்ளர் காபி. ‘அசாந்தே’ என்றால் நன்றி. ‘மாஜி’ என்றால் தண்ணீர். ‘போலே போலே’ என்றால் மெதுவாக, மெதுவாக. நம் வயசுக்கு ஏற்ற சொல் அது.

கடைசியாக ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளத்துக்கு வர வேண்டாம். காலை ஆறு மணிக்கு வண்டியூர்க் கண்மாய்க்கரைக்கு வாருங்கள். எங்கே மடை, எங்கே கலுங்கு, எந்த வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது, எது சாக்கடை கொண்டுவருகிறது என்று ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுவோம். கிசுமுவில் ஒரு மீனவர் நம்மைப் பார்த்து, ‘உங்க ஊர் ஏரி எப்படி இருக்கு?’ என்று கேட்டால் நாம் பதில் சொல்லத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். பயணத் திட்டத்தின் பிரதியையும் ஒரு பேனாவையும் கொண்டு வாருங்கள். ஏழாம் நாள் வரியைக் கரையில் உட்கார்ந்தே திருத்துவோம்.

இப்படிக்கு,
உங்களோடு நடக்கும் டீச்சர்,
வண்டியூர்த் தெப்பக்குளம், மதுரை